மதியச் சோற்றுக்கு நாற்பது நிமிடம் கேட்டு

குமரி மாவட்டத்துத் தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரே நாளில் என் மகளின் டைரிக்குள் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்றில், சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோருக்கு 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' வகுப்பு நடக்கும், கட்டாயம் வரவேண்டும், வராதவர்கள் காரணம் எழுதித் தரவேண்டும் என்று இருந்தது. இன்னொன்றில், மதிய உணவாக மீன், கருவாடு, முட்டை, கிழங்கு கொடுத்து அனுப்பக் கூடாது, மணம் வராத, ஒழுகாத, 'டீசன்ட்'டான உணவாக இருக்கவேண்டும், பாடங்களை முடிக்கவேண்டி இருப்பதால் இனி மதிய இடைவேளை இருபது நிமிடம் என்று இருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. எழுதியவருக்கு இந்த இரண்டு தாளும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிப்பது தெரியவில்லை போலிருக்கிறது.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. தக்கலையிலும் கருங்கலிலும் நாகர்கோவிலிலும் இருக்கிற தோழிகளிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்களின் பிள்ளைகள் படிப்பது வேறு வேறு பள்ளிகளில். தாள்தான் வேறு, சங்கதி ஏறக்குறைய இதுவே. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிறாயே என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் மாமியார் ஏழு வருடமாகக் கேட்கிறார். அவருக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

முதலில் அந்தச் சனிக்கிழமை வகுப்பைச் சொல்லிவிடுகிறேன். பேச வந்தவர் நல்ல மனிதர், திரையில் படங்கள் போட்டுப் பொறுமையாகப் பேசினார். கடைசியில், "எல்லோரும் கண்ணை மூடுங்கள். அமைதியான ஒரு கடற்கரையை மனசுக்குள் கொண்டுவாருங்கள்" என்றார். நான் கண்ணை மூடினேன். தோசைமாவு நாளைக் காலைக்குக் காணுமா, காணாதா என்பதுதான் மனசுக்குள் வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குச் சொந்த ஊர் தூத்தூர்ப் பக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் அடித்த ராத்திரி கடலில் இருந்து திரும்பி வராதவர்களில் அவள் வீட்டு ஆளும் ஒருவர். அவள் கண்ணை மூடவே இல்லை. மடியில் கிடந்த பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். வந்தவர்மேல் தவறு இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் வகுப்பு முடிந்து சமோசாவும் சாயாவும் கொடுத்தபோது அவள் என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, எனக்கு ஸ்ட்ரெஸ் ஒண்ணும் இல்ல. காலம்பற நாலரைக்கு எழும்பி ஆக்குற சோறு பாதி திரும்பி வருது பாருங்க, அப்போதான் ஒரு வெப்ராளம்."

வெப்ராளம். உங்கள் தாளில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் ஊரில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். நெஞ்சுக்குள் ஒரு பதைப்பு, கை ஒரு வேலையில் இருக்க மனசு பத்து வேலைக்கு ஓடுவது, எதையோ மறந்துவிட்டோம் என்று வாசல்படியில் நின்று திரும்பிப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் வீட்டில் அதற்கு மருந்தும் ஒன்றுதான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கிய அன்று கை நடுங்கி நான் மையைச் சட்டையில் கொட்டிக்கொண்டபோது அம்மா திட்டவில்லை. பழஞ்சியில், அதாவது பழைய சோற்றில், மோர் விட்டு, நாலு சின்ன உள்ளியும் ஒரு பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டுக் கையில் தந்தாள். "வெப்ராளப்படாண்டாம் மக்களே. பரீட்சை எங்கயும் ஓடிப் போவாது. ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போ." குடித்தேன். அன்றைய தமிழ்த் தாளில் என்ன எழுதினேன் என்பது ஒன்றும் நினைவில் இல்லை, உள்ளியின் காரம் மட்டும் நாக்கில் இருக்கிறது.

என் அம்மா அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். வெளியூரில் இருந்து வந்து இங்கே பள்ளி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை: அண்டி ஆபீஸ் என்றால் முந்திரித் தொழிற்சாலை. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் அதில் வேலைக்குப் போன பெண் இல்லாத குடும்பம் அபூர்வம். சுட்ட அண்டியைத் தல்லி (தட்டி உடைத்து), தோடு நீக்கிப் பருப்பை எடுப்பது அம்மாவின் வேலை. தோட்டில் இருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனிகள் கருத்துப்போய், ரேகையே தெரியாமல் இருக்கும். கூலி கிலோக் கணக்கு. எத்தனை கிலோ பருப்போ அத்தனை ரூபாய்.

பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். மதியம் மணி அடித்ததும் பெண்கள் முற்றத்துப் புளியமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு தூக்குவாளி. கையில் எண்ணெய்க் கறை இருப்பதால் சோற்றைக் கையால் தொடமாட்டார்கள். பிலாவிலையை, அதாவது பலா இலையை, கூம்பாக மடக்கி, ஈர்க்கில் துண்டு ஒன்றைக் குத்திக் கரண்டி செய்துகொள்வார்கள். கஞ்சியை அதால் கோரிக் குடிப்பார்கள். ஒருத்தி தேங்காய்ச் சம்மந்தி கொண்டுவந்திருப்பாள், ஒருத்தி சுட்ட கருவாடு, ஒருத்தி ராத்திரி மிஞ்சின பயறு, ஒருத்தியிடம் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமே இல்லாதவளின் வாளிமூடியில்தான் கடைசியில் எல்லா வகையும் இருக்கும். அப்புறம் பேச்சு. மாமியார்கள், சீட்டுப் பணம், யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்தது என்று ஒவ்வொன்றாக. சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் ஐந்து நிமிடம் முன்னால் எழுந்து போனால் நாலு காசு கூடக் கிடைக்கும். யாரும் எழுந்துபோய் நான் பார்த்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்த வட்டம் உட்காருவதற்குச் சட்டம் இருந்தது. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ம் பிரிவு, எந்தத் தொழிலாளியையும் குறைந்தது அரை மணி நேர இடைவேளை இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்றது. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அண்டி தல்லினவள். அவளுக்குக் கிடைத்த அரை மணி நேரம், மாதம் இவ்வளவு ஃபீஸ் கட்டும் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் பேத்திக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை தொழிலாளி இல்லை, அது தெரிகிறது. தொழிலாளியைவிடக் குறைவாக நடத்தலாம் என்று மட்டும் எங்கே எழுதியிருக்கிறது?

இருபது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று மகளிடம் கணக்குக் கேட்டேன். கை கழுவும் குழாய் மூன்று, வரிசை நீளம், ஆறு நிமிடம். டப்பாவைத் திறந்து உட்கார ரெண்டு நிமிடம். முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் முதல் மணி. மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். டப்பா பாதியாகத் திரும்பி வருவது அதனால்தான். நான் காலை நாலே முக்காலுக்கு எழும்புகிறேன். ஏழு பத்துக்கு முக்கில் வேன் வந்து நிற்கும். வேனை அனுப்பிவிட்டு என் பஸ்சைப் பிடிக்க வேண்டும். கணவர் மஸ்கட்டில். ராத்திரி ஒன்பதரைக்கு போனில் வந்தால் அவர் பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி, "மத்தியானம் சாப்பிட்டியா மோளே?" அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பிட்டேன்" என்பாள். ஒரு வீட்டில் மூன்று பேரும் தினமும் பொய்யாக்கிவைத்திருக்கிற ஒரு கேள்வி.

இனி கிழங்குக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கிழங்கு என்றால் மரச்சீனி, அதாவது மரவள்ளி. இருபது நிமிடத்தைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும், 'டீசன்ட்' என்ற அந்தச் சொல்லைத்தான் முடியவில்லை.

இந்த மண் 1949 வரை திருவிதாங்கூர், அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூரை 1880-ல் இருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்புவதில் அக்கறை காட்டியவர். அது முழு வேகத்தில் வயிற்றுக்குள் வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றது. என் பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அரிசியைக் கண்ணால் பார்ப்பது பண்டிகைக்கு என்று ஆன நாட்களில் மூன்று வேளையும் கிழங்கு. அதற்குத் தொடுகறியாக மீன் எங்கிருந்து வந்தது என்றால், கடற்புறத்துப் பெண்கள் தலையில் கடவம் என்ற கூடையை வைத்து மேட்டுக்கு ஏறி வருவார்கள், பாட்டியின் அம்மா ஒரு மூடு கிழங்கைப் பிடுங்கிக் கொடுப்பாள், அவர்கள் சாளையை எண்ணிப் போடுவார்கள். ரூபாய் கைமாறாது. சாதியும் மதமும் வேறு வேறான ரெண்டு கூட்டத்துப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் பட்டினி வராமல் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் டப்பாவில் இருந்து எடுக்கச் சொல்கிற ரெண்டு பொருளும் அந்தக் கடவத்தில் மாற்றிக்கொண்டவைதான்.

பாட்டி கிழங்கு அவிக்கும்போது பானையை மூடமாட்டாள். மேல்தொலியையும் அதற்கடியில் இருக்கும் தடித்த தோலையும் சீவி எடுத்து, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டு வேகவைப்பாள். முக்கால் பதம் வந்ததும் அந்தத் தண்ணீரை மொத்தமாக வடித்துத் தெங்குமூட்டில் (தென்னைமரத்தடியில்) கொட்டிவிடுவாள். "மூடாண்டாம், கட்டு போகட்டும்" என்பாள். கட்டு என்றால் அவள் அகராதியில் விஷம். கல்லூரியில் வேதியியல் படிக்கப் போனபோதுதான் அந்தப் பானையின் பாடம் எனக்குப் புரிந்தது. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். லினமாரின் தண்ணீரில் கரையக்கூடியது, அதனால் துண்டு சின்னதாகவும் தண்ணீர் தாராளமாகவும் இருந்தால் வடிக்கும்போது அதோடு போய்விடும். சயனைடோ 26 டிகிரியிலேயே ஆவியாகிற வாயு, மூடி இல்லாத பானையில் அது தங்குவதில்லை. இன்னும் ஒன்று: உடம்புக்குள் மிஞ்சிப் போன சயனைடைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றி வெளியேற்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். கிழங்கில் புரதம் கொஞ்சம்தான், மீனில் அது நிறைய. கிழங்குக்கு மீன்தான் சேர்த்தி என்று முடிவு செய்தவள் எந்த ஆய்வகத்திலும் உட்கார்ந்ததில்லை. அதை டப்பாவில் பார்த்தால் நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள், நான் என் வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறேன்.

வடித்த கிழங்கில் உப்புப் போட்டு, தேங்காய்த்துருவல், சீரகம், ரெண்டு பல் பூண்டு, மஞ்சள், எட்டுப் பத்து காந்தாரி மிளகாய் எல்லாவற்றையும் அம்மியில் ஒதுக்கி (அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாக நசுக்க மட்டும்தான் வேண்டும்), கிழங்கோடு சேர்த்து மர அகப்பையால் மசிக்க வேண்டும். மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு சுற்று. சாளை என்றால் மண்சட்டி, அரைத்த தேங்காய், மாங்காய் கிடைக்கும் காலத்தில் மாங்காய், கிடைக்காவிட்டால் புளி. தொட்டால் உடையும் மீன் என்பதால் கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்ற வேண்டும். நேற்று வைத்த குழம்புதான் இன்றைக்கு ருசி. அடுப்படியில் இதைச் செய்து முடிக்க எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. அந்த நேரம் முழுக்க நான் யாருக்கும் டீச்சர் இல்லை. சட்டியைச் சுழற்றும்போது அம்மா பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். உங்கள் வகுப்பில் கண்ணை மூடச் சொன்ன இடம் எனக்கு அங்கேதான் இருக்கிறது. பாஸ்தா வேகவைக்கும்போது அப்படி யாரும் வந்து நிற்பதில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் சிலதும் உண்டு, மறைக்கவில்லை. மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். அடைத்த ஏசி வகுப்பில் கருவாட்டு மணம் மூன்றாவது பீரியட் வரை நிற்கும். ஒருமுறை என் மகளின் டப்பாவே ஒழுகி, சமூக அறிவியல் நோட்டில் அசோகர் மேல் மீன்குழம்பு ஏறிவிட்டது. அந்த நோட்டை முழுக்கத் திரும்ப எழுதினது நான். ஆனால் இதற்கெல்லாம் வழி, மூடி இறுகிய பாத்திரமும் வராந்தாவும்தானே? பள்ளிக் கட்டடங்களில் வராந்தா இல்லாத இடத்தில் மரம் இருக்கிறது. மீன் சாப்பிடாத பிள்ளைகள் ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரட்டும், நண்பர்கள் எப்படியும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் அரசுப் பள்ளியில் வாரம் ஐந்து நாள் சத்துணவில் முட்டை. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து முட்டை உரிக்கிறார்கள். அடுத்த பீரியட் நான் அங்கேதான் அமிலமும் காரமும் நடத்துகிறேன். என் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற காமராசர், 1969-ல் இருந்து கண் மூடும்வரை நம்முடைய நாகர்கோவில் தொகுதி எம்.பி. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் பிள்ளையின் சோற்றை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாள் வந்த வாரம் மகள் சொன்னாள்: "அம்மா, கிழங்கு வைக்காண்டாம். மிஸ் டப்பாவத் திறந்து பாக்காங்க." சரி என்று ரொட்டியும் ஜாமும் வைத்தேன். அடுத்த நாள் பாட்டியைப் பற்றி, அதாவது என் அம்மாவைப் பற்றி, அவள் தோழியிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "எங்க பாட்டி ஒரு ஆபீஸ்ல வேலை பார்த்தாங்க" என்றாள். அண்டி என்ற வார்த்தையை விட்டுவிட்டாள். அதற்கும் உங்கள் சுற்றறிக்கைக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். மதிய இடைவேளையை நாற்பது நிமிடம் ஆக்குங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு ஒதுக்கிய மூன்று மணி நேரத்தை ஒன்பது மதியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலே இருபது நிமிடம் வீதம் வந்துவிடும், கணக்குப் போட்டுவிட்டேன். குழாய்களைக் கூட்டுங்கள். சுற்றறிக்கையில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, ஒழுகாத பாத்திரம் கொடுங்கள் என்று மட்டும் எழுதுங்கள். முடிந்தால் வாரம் ஒருநாள் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். டப்பாவைத் திறந்து சோதிக்கும் மிஸ்கூட என்ன கொண்டுவருகிறார் என்று அறிய எனக்கு ஆசை. அவர் வீட்டிலும் ஒரு சட்டி இருக்கும். அவரும் இருபது நிமிடத்தில்தான் விழுங்குகிறார், பாவம்.

வரும் புதன்கிழமை என் மகளின் டப்பாவில் மசித்த கிழங்கும் சாளைக்கறியும் இருக்கும். திங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நம்முடைய கடற்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள், திங்கட்கிழமை மீனை நம்ப முடியாது. மார்த்தாண்டத்தில் போய் நாலு பக்கமும் கொக்கி மாட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கியாகிவிட்டது. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன், ஒழுகவில்லை. அன்றைக்கு எனக்கு அரைநாள் விடுப்பு. டப்பாவைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் வேனில் போட்டு அனுப்ப வேண்டாம். பதினொன்று ஐம்பதுக்கு நான் உங்கள் பள்ளி வாசலில் புன்னைமரத்தடியில் ரெண்டு பிலாவிலையும் ஈர்க்கிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளையை மட்டும் வெளியே விடுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
விளவங்கோடு வட்டம்